தகரத் தேவாலயங்கள்: எப்படி எழுந்தன, எங்கே போயின?

பிரிட்டனின் பழைய தேவாலயம் என்றதும் நம் மனத்தில் எழுவது கருங்கல் சுவரும் உயர்ந்த கோபுரமும்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி முதல் உலகப் போர் வரை, அந்நாட்டின் புறநகர்களிலும் சுரங்கக் கிராமங்களிலும் மலையடிவார ஊர்களிலும் நெளிதகட்டால், அதாவது பேச்சுவழக்கில் தகரம் எனப்படும் அலையலையாக நெளித்த இரும்புத் தகட்டால், அமைந்த தேவாலயங்களும் பிரசங்க அறைகளும் வாசகசாலைகளும் ஊர்ப் பொது மண்டபங்களும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. இன்று அவற்றில் சிறு பங்கே மிஞ்சியிருக்கிறது. மற்றவை எங்கே போயின என்று கேட்டால், "தகரம்தானே, துருப்பிடித்து உதிர்ந்திருக்கும்" என்ற பதிலே பொதுவாகக் கிடைக்கிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்தப் பதில், அந்தக் கட்டடங்களின் வரலாற்றையே தவறாகப் புரிந்துகொள்ள வைக்கிறது. துருப்பிடித்து அழிந்தவை உண்டு. ஆனால் பல கட்டடங்கள் மறைந்ததற்குக் காரணம், எந்த வேலைக்காக வாங்கப்பட்டனவோ அந்த வேலையை அவை செய்து முடித்ததுதான். வேறு சில அழியவே இல்லை. இன்னோர் ஊருக்குப் போய், இன்னொரு பெயரில் நின்றன.

இதை விளங்கிக்கொள்வதற்கு, மெல்லிய ஓர் இரும்புத் தகடு எப்படி ஒரு கட்டடத்தின் சுவராகவும் கூரையாகவும் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நெளிவு தரும் பலம்

ஒரு வெள்ளைத்தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல வைத்தால், அது தன் எடையையே தாங்காமல் தொய்ந்துவிடும். அதே தாளை விசிறி மடிப்பாக மடித்து அதே இடத்தில் வைத்தால், அதன்மேல் ஒரு பேனாவை வைத்தாலும் நிற்கும். தாளின் பொருள் மாறவில்லை, கனமும் மாறவில்லை. வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது.

இதன் உள்விவரம் இதுதான். எந்தப் பொருளும் பாரத்தால் கீழ்நோக்கி வளையும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நெருக்கமும் இழுவையும் இல்லாத ஒரு மட்டம் இருக்கிறது. அதை நடு அச்சு என்று சொல்கிறோம். நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இரும்பு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது வளைவதை எதிர்க்கும். 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைத் தகட்டில், இரும்பு முழுவதும் நடு அச்சிலிருந்து 0.3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதே தகட்டை 19 மில்லிமீட்டர் உயரமுள்ள அலைகளாக நெளித்தால், இரும்பின் பெரும்பகுதி நடு அச்சிலிருந்து பல மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அலை ஓடும் திசையில் அதன் விறைப்பு தட்டைத் தகட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. அலைக்குக் குறுக்கான திசையில் இந்தப் பலன் இல்லை. அந்தத் திசையில் தகடு எளிதாக வளையும். ஆகவேதான் நெளிதகட்டுக் கூரைகளில் அலைகள் எப்போதும் முகட்டிலிருந்து இறவாரம் நோக்கி ஓடும்படி அமைக்கப்படுகின்றன. மழைநீர் வடிவதற்கும் அந்தத் திசையே வசதியாக இருக்கிறது.

இந்த உத்திக்கு 1829-ல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பால்மர். லண்டன் துறைமுக நிறுவனத்தின் பொறியாளராக இருந்த அவர், தேனிரும்புத் தகடுகளை வரிப்பள்ளம் கொண்ட உருளைகளுக்கிடையே செலுத்தி நெளிக்கலாம் என்றும், நெளித்த தகட்டையே வில்போல வளைத்தால் உத்தரமும் சட்டமும் இல்லாமல் அது கூரையாக நிற்கும் என்றும் காட்டினார். துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கொட்டகைகளே அதன் முதல் பயன். அப்போது அதைப் பார்த்தவர்கள் வியந்தது, இவ்வளவு குறைந்த இரும்பில் இவ்வளவு அகலத்தை மூட முடிகிறதே என்பதற்காகத்தான்.

ஆகவே நெளிதகடு ஏழ்மையின் அடையாளமாகப் பிறந்த பொருள் அல்ல. குறைந்த பொருளில் அதிக விறைப்பைப் பெறுவதற்காக ஒரு பொறியாளர் கண்டடைந்த வடிவம் அது.

துருவைத் தள்ளிப்போட்ட நாகமுலாம்

பால்மரின் தகட்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. மெல்லிய இரும்பு ஈரக்காற்றில் விரைவாகத் துருப்பிடிக்கும். கனமான இரும்புத்தூணில் ஒரு மில்லிமீட்டர் துரு ஏறினால் பெரிய பாதிப்பில்லை, ஆனால் மெல்லிய தகட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது முழுத் தகடே. சாயமும் தாரும் பூசிப் பார்த்தார்கள். அவை சிறிது காலமே தாங்கின.

தீர்வு 1837-ல் வந்தது. பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரெல் என்பவரும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் கிராஃபோர்ட் என்பவரும், அமிலத்தில் கழுவிய இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். துத்தநாகத்துக்கு நாகம் என்றும் பெயர் உண்டாதலால் இந்தப் பூச்சை நாகமுலாம் என்கிறோம். இன்று வன்பொருள் கடையில் ஜி.ஐ. ஷீட் என்று கேட்டு வாங்குவது இந்த முலாம் பூசிய தகட்டைத்தான்.

நாகமுலாம் ஒரு சாயப்பூச்சைப்போல இரும்பை மூடி வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. துத்தநாகம் காற்றும் ஈரமும் பட்டவுடன் தன்மேல் ஒரு மெல்லிய சாம்பல்நிறப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் படலம் எளிதில் கரையாது என்பதால் அடியிலுள்ள உலோகம் காக்கப்படுகிறது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. இரும்பைக் காட்டிலும் துத்தநாகம் மின்னணுக்களை எளிதில் இழக்கும் தன்மையுடையது. முலாமில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், ஈரம் பட்டால் முதலில் அரிபடுவது அருகிலுள்ள துத்தநாகமே. அது இருக்கும் வரையில் இரும்பு தப்பித்துக்கொள்ளும். இதற்குத் தியாகப் பாதுகாப்பு என்று பெயர்.

துத்தநாகம் முழுவதும் தீர்ந்த பிறகே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். அது எப்போது தீரும் என்பது இடத்தைப் பொறுத்தது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு கலந்து விழுந்த தொழில் நகரங்களில் அது விரைவில் கரைந்தது. உப்புக்காற்று வீசும் கடலோரத்திலும் அப்படியே. தூய காற்றுள்ள உள்நாட்டுக் கிராமத்தில், வண்ணமும் அவ்வப்போது பூசிவந்தால், நூறாண்டு கடந்தும் தகடு நிற்கிறது. துரு தொடங்கும் இடங்களும் குறிப்பிட்டவையே: தகட்டின் வெட்டிய ஓரம், ஆணி அடித்த துளை, ஒரு தகட்டின்மேல் இன்னொன்று ஏறிப் படியும் இடைவெளியில் தேங்கும் நீர், மண் தெறித்துப் படியும் அடிவரிசை. ஒரு பழைய தகரக் கட்டடத்தின் முன் நின்று பார்த்தால், இடுப்புக்கு மேலே தகடு திடமாகவும் கணுக்கால் உயரத்தில் பல்போல அரிபட்டும் இருப்பதைக் காணலாம். அந்த அடித்தகட்டை மாற்றினால் மீதிக்கு ஆபத்தில்லை. மாற்றாமல் விட்டால் தகட்டுக்குப் பின்னாலுள்ள மரத்தின் அடிச்சட்டம் ஈரம் குடித்து இற்றுப்போகும். கட்டடம் சாய்வது உண்மையில் அந்த மரத்தால்தான்.

சாரம் இது: நாகமுலாம் துருவை ஒழிக்கவில்லை, பல பத்தாண்டுகளுக்குத் தள்ளிவைத்தது. அந்தக் காலத்தை நீட்டுவதும் சுருக்குவதும் பராமரிப்பின் கையில் இருந்தது.

விலைப்பட்டியலில் ஒரு தேவாலயம்

தகரத் தேவாலயம் என்றால் ஊர்க்காரர்கள் கிடைத்த தகரத்தைக் கொண்டு தாங்களே கட்டிக்கொண்டது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலானவை அப்படிக் கட்டப்படவில்லை. அவை தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டு, அங்கேயே அளவெடுத்து வெட்டப்பட்டு, எண்ணிட்ட பாகங்களாக அனுப்பப்பட்டவை. இப்படிக் கட்டடத்தின் பாகங்களை ஓரிடத்தில் செய்து இன்னோரிடத்தில் பூட்டுவதை முன்தயாரிப்புக் கட்டுமானம் என்கிறோம்.

இந்தத் தொழிலை வளர்த்தது தங்கம். 1849-ல் கலிபோர்னியாவுக்கும் 1851 முதல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் மக்கள் திரண்டபோது, அங்கே வீடுகட்ட ஆளும் இல்லை, அறுத்த மரமும் போதவில்லை. பிரிட்டனின் ஆலைகள் வீடு, கடை, கிடங்கு, தேவாலயம் என்று எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றின. மெல்போர்னின் தென்பகுதியில் அந்தக் காலத்து இரும்பு வீடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன. பிரிஸ்டலின் சாமுவேல் ஹெமிங், மான்செஸ்டரின் எட்வர்ட் பெல்ஹவுஸ், லிவர்பூலின் பிரான்சிஸ் மார்ட்டன், ஐசக் டிக்சன் ஆகியோர் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள். பெல்ஹவுஸின் இரும்பு வீட்டை 1851-ஆம் ஆண்டு மாபெரும் கண்காட்சியில் பார்த்த இளவரசர் ஆல்பர்ட், ஸ்காட்லாந்தின் பால்மொரல் மாளிகைக்கு ஒரு நடன மண்டபத்தையே நெளிதகட்டில் செய்து தரச் சொன்னார். அரச குடும்பம் விருந்துக்குப் பயன்படுத்திய அந்தக் கட்டடம் பிற்பாடு தச்சுப்பட்டறையாகி இன்றும் நிற்கிறது. நெளிதகட்டை ஏழைகளின் பொருள் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை நினைவில் கொள்ளலாம். அதே சமயம், பிரிட்டனின் ஆலைகளில் நெளித்த தகடு குடியேற்ற நாடுகளெங்கும் போய்ச் சேர்ந்தது என்பதும், இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன்களுக்குக் கூரையானது அதுவே என்பதும் இந்த வரலாற்றின் மறுபக்கம்.

வெளிநாட்டுத் தேவை குறைந்தபோது ஆலைகள் உள்நாட்டின் பக்கம் திரும்பின. தேவாலயம் வேண்டுமென்ற ஒரு குழு விலைப்பட்டியலைப் புரட்டி, எத்தனை பேர் அமர வேண்டும், மணிக்கூண்டு வேண்டுமா, முகப்பில் தாழ்வாரம் வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துக் கடிதம் எழுதினால் போதும். 1901-ல் டேவிட் ரோவல் நிறுவனத்தின் பட்டியல், 400 பேர் அமரும் ஒரு தேவாலயத்தை அருகிலுள்ள இரயில் நிலையம் வரை கொண்டுவந்து, வாங்குபவர் போட்டுவைத்த அஸ்திவாரத்தின்மேல் நிறுத்தித் தர 360 பவுண்டு பணம் கேட்டது. கல்லில் அதே அளவு தேவாலயத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

பாகங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதலில் முழங்கால் உயரத்துக்குக் குறைவான செங்கல் மேடை. அதன்மேல் மரத்தாலான அடிச்சட்டம், அதில் நிறுத்திய மரக்கால்கள், மேலே கைமரங்கள். வெளிப்புறம் முழுவதும் நெளிதகடு. சுவரில் அலைகள் செங்குத்தாக ஓடும். உட்புறம் நாக்கும் பள்ளமுமாக ஒன்றோடொன்று கோத்த பைன் பலகைகள், அவற்றுக்கு மெருகெண்ணெய். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளித் துணிபோன்ற ஒரு தடுப்பு. மழை கொட்டும்போது எழும் ஓசையையும் குளிரையும் ஓரளவு குறைப்பதற்காக. சன்னல்கள் கூர்முனை வளைவாக இருக்கும், சிலவற்றில் வண்ணக் கண்ணாடியும் உண்டு. ஒரு மூலையில் நிலக்கரி அடுப்பு, அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்து வெளியே போகும். உள்ளே நுழைந்தவருக்குத் தகரம் கண்ணில் படாது. மரத்தாலான ஓர் அறைக்குள் நிற்பதாகவே தோன்றும்.

தேவை எங்கிருந்து வந்தது?

1851 மார்ச் 30 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிபாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. பெருநகரங்களில் மக்கள்தொகைக்கு ஏற்றபடி தேவாலயங்களில் இருக்கைகள் இல்லை என்பதை அது எண்ணிக்கையோடு காட்டியது. இரயில் பாதை போட்ட இடங்களிலெல்லாம் புறநகர்கள் வளர்ந்துகொண்டிருந்தன. பழைய ஊரின் நடுவிலிருந்த தேவாலயத்துக்கு அங்கே குடியேறியவர்கள் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. புதிய குடியிருப்பு நிலைக்குமா, கலைந்துபோகுமா என்பது தெரியாத நிலையில் கல்லில் பணத்தைப் போட எந்தச் சபையும் தயங்கும். ஆகவே முதலில் ஓர் இரும்புத் தேவாலயம், சபை வளர்ந்து நிதி சேர்ந்தபின் கல் தேவாலயம் என்பதே நடைமுறையாயிற்று.

நிலம் இன்னொரு சிக்கல். ஆங்கிலேயச் சட்டப்படி நிலத்தோடு பொருத்திய கட்டடம் நில உரிமையாளருக்கே சேரும். குத்தகை நிலத்தில் கல்லால் கட்டினால், குத்தகை முடியும்போது கட்டடத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய இரும்புக் கட்டடத்தில் அந்த அச்சம் குறைவு. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் முதலிய சபைகள் இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே நின்றவை. அவற்றுக்கு நிலம் கொடுக்கப் பல நிலக்கிழார்கள் விரும்பியதில்லை. ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து 1843-ல் பிரிந்துவந்த ஃப்ரீ சர்ச் சபையார் ஸ்ட்ரோன்டியன் என்ற ஊரில் இடம் மறுக்கப்பட்டு, 1846-ல் கடற்கழியில் ஓர் இரும்பு மிதவையையே தேவாலயமாக நிறுத்தி வழிபட்டார்கள். அது நெளிதகட்டுக் கட்டடமல்ல. ஆனால் நிலத்துக்காக ஒரு சபை எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு விவரம், சற்றே சட்டநுட்பமானது என்றாலும் இந்த வரலாற்றுக்கு இன்றியமையாதது. இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு கட்டடத்தைப் பேராயர் பிரதிஷ்டை செய்தால், அது என்றென்றைக்கும் வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டதாகிவிடும். அந்த நிலையை நீக்கத் தனிச் சட்ட நடவடிக்கை வேண்டும். இரும்புத் தேவாலயங்கள் தற்காலிகமானவை என்பதால் அவை பொதுவாகப் பிரதிஷ்டை செய்யப்படவில்லை. வழிபாடு நடத்த உரிமம் மட்டுமே தரப்பட்டது. உரிமம் பெற்ற கட்டடத்தை விற்கலாம், கழற்றலாம், இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். பல இடங்களில் திருமணமும் ஞானஸ்நானமும் தாய்த் தேவாலயத்தின் பதிவேட்டிலேயே எழுதப்பட்டன என்பதால், இரும்புத் தேவாலயத்துக்கென்று தனி ஆவணமே சேராமல் போயிற்று.

எதிர்ப்பும் இருந்தது. கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணியான கோதிக் கட்டடக்கலையை உயர்த்திப் பிடித்தவர்கள் இரும்பு வழிபாட்டுக்கு உகந்ததல்ல என்றார்கள். அவர்களிடையேகூட 1856-ல் வில்லியம் ஸ்லேட்டர் என்பவர் இரும்புத் தேவாலயத்துக்கு ஒரு மாதிரி வரைபடம் தந்தார். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் நாட்டுப்புறத்தில் நெளிதகட்டுக் கூரைகள் பரவுவதைக் கடுமையாகச் சாடினார். பழைய கூரைவேலை நுட்பங்கள் அழிவதைக் கண்டு அவர் பட்ட வேதனை நியாயமானது. ஆனாலும் இருக்கையில்லாமல் வெளியே நின்ற ஒரு சபைக்கு அந்த அழகியல் விவாதம் என்ன பதிலைத் தந்திருக்க முடியும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஐஸ்லாந்தில் இந்த விவாதமே எழவில்லை எனலாம். மரம் அரிதான அந்நாட்டில், மர வீடுகளுக்கு மேல் நெளிதகட்டைப் போர்த்தி வண்ணம் பூசுவது வழக்கமாகிவிட்டது. ரெய்க்யவிக் நகரின் பழைய வீதிகளில் வீடுகளும் தேவாலயமும் இன்றும் அப்படியே பேணப்படுகின்றன. ஒரே பொருள், ஓரிடத்தில் இழிவாகவும் இன்னோரிடத்தில் இயல்பாகவும் கருதப்பட்டது. எங்கே இயல்பாகக் கருதப்பட்டதோ அங்கேதான் அது மிஞ்சியது.

மண்டபங்களும் தகர நகரமும்

ஊர்ப் பொது மண்டபங்களின் கதையும் இதே தடத்தில் செல்கிறது. பள்ளிக்கூடம், வாசகசாலை, தொற்றுநோய் மருத்துவமனை, தொண்டர் படைப் பயிற்சிக்கூடம் என்று எதற்கும் அதே ஆலைகள் அதே சட்டகத்தை அனுப்பின. மணிக்கூண்டை நீக்கினால் தேவாலயமே மண்டபம். பல ஊர்களில் ஞாயிறு காலை வழிபாடும் சனி மாலை இசைநிகழ்ச்சியும் ஒரே கூரையின்கீழ் நடந்தன.

முழு ஊரே நெளிதகட்டில் எழுந்து முழுவதும் மறைந்ததற்கு டெர்பிஷயரின் பர்ச்சின்லீ ஒரு தெளிவான சான்று. ஷெஃபீல்ட், டெர்பி, நாட்டிங்காம், லெஸ்டர் நகரங்களுக்குக் குடிநீர் தருவதற்காக டெர்வென்ட் பள்ளத்தாக்கில் ஹவ்டன், டெர்வென்ட் என்ற இரு அணைகள் கட்டும் வேலை 1901-ல் தொடங்கியது. முந்தைய அணைக்கட்டு வேலைகளில் தொழிலாளர் குடிசைகள் சேற்றிலும் நோயிலும் கிடந்தன. அந்த நிலை மீண்டும் வராதிருக்க, நீர்வாரியம் அவர்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்தது. வரிசை வரிசையாக நெளிதகட்டு வீடுகள், பள்ளி, மருத்துவமனை, கடைகள், குளிப்பறை, பொழுதுபோக்கு மண்டபம் எல்லாம் இருந்தன. ஏறத்தாழ 900 பேர் அங்கே வாழ்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அதைத் தகர நகரம் என்றே அழைத்தார்கள். ஹவ்டன் அணை 1912-ல் முடிந்தது. வேலை குறையக் குறையக் கட்டடங்கள் கழற்றப்பட்டு, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தையொட்டி ஊர் காலியாயிற்று. அங்கே இப்போது காட்டுக்குள் படிக்கட்டுபோல வெட்டிய மேடைகளே தெரிகின்றன. அங்கிருந்து கழற்றிய ஒரு கட்டடம் மட்டும் அருகிலுள்ள ஹோப் என்ற கிராமத்தில் கடையாக நிற்கிறது.

பர்ச்சின்லீ அழிந்தது என்று சொல்வது சரியல்ல. அது முடிக்கப்பட்டது, பாகங்கள் பிரிந்து போயின.

மறைந்த வழிகள்

மறைந்த கட்டடங்களின் வரலாற்றில் மிக அதிகமாகக் காணப்படுவது இடமாற்றமும் பதிலீடும்தான். சபை வளர்ந்தது, கல் தேவாலயம் எழுந்தது. இரும்புத் தேவாலயம் பக்கத்தில் ஞாயிறு பள்ளியாகவோ மண்டபமாகவோ சில காலம் பயன்பட்டு, பிறகு விற்கப்பட்டது. வாங்கியவர் இன்னொரு சபையாக இருக்கலாம். ஒரு விவசாயியாகவோ வண்டிப்பட்டறைக்காரராகவோ இருக்கலாம். லண்டனின் கில்பர்ன் பகுதியில் 1860-களின் தொடக்கத்தில் எழுந்த தகரத் தேவாலயம், சபை கலைந்தபின் கடற்படைச் சிறார் பயிற்சிக் குழுவின் கைக்கு வந்தது. அவர்கள் அதன் உட்புறத்தை ஒரு கப்பலைப்போல மாற்றினார்கள்: மேல்தளம், கீழ்த்தளம், வட்டச் சன்னல்கள், நடுவே ஒரு பீரங்கி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இன்றும் ஒரு சிறிய தேவாலயம்தான். சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் அது தப்பியது. அதே நகரின் ஹேக்னி பகுதியில் ஷ்ரப்லண்ட் சாலையில் 1858-ல் எழுந்த தேவாலயமும் அப்படியே தப்பியது. ஆனால் பட்டியலில் சேர்ப்பதற்கே ஒரு தடை உண்டு. தற்காலிகம் என்று பிறப்பிலேயே முத்திரை விழுந்த ஒன்றை நிலையாகக் காக்க வேண்டிய மரபுச்சொத்தாக அதிகாரிகள் காண்பதற்கு வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன.

அடுத்தது நெருப்பு. பத்தாண்டுக்கணக்கில் காய்ந்த பைன் பலகை, அதற்குப் பின்னால் துணித்தடுப்பு, மூலையில் நிலக்கரி அடுப்பு, கூரையைத் துளைக்கும் சூடான குழாய்: தகரம் எரியாது என்ற நம்பிக்கையில் இருந்தவர்களுக்கு உள்ளேயிருந்த மரம் நினைவில் இருக்கவில்லை. தீப்பிடித்தால் தகட்டைத் தாங்கி நிற்கச் சட்டகம் இல்லாமல் போய்விடும்.

துருவின் பங்கு இவற்றுக்குப் பிறகே வருகிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: 1890-கள் முதல் தேனிரும்புக்குப் பதிலாக மெல்லெஃகுத் (மைல்ட் ஸ்டீல்) தகடு வந்தது, செலவு குறைந்தது, தகடும் மெலிந்தது. மனை விலையேற்றம், சபைகளின் ஆட்குறைவு, சாலை அகலப்படுத்தல் ஆகியவை இருபதாம் நூற்றாண்டில் மீதியைப் பார்த்துக்கொண்டன.

போர்களும் இந்தக் கதையைத் திசைதிருப்பின. 1916-ல் பீட்டர் நிசன் என்ற பொறியாளர் அமைத்த அரைவட்ட நெளிதகட்டுக் குடில், பால்மரின் வில்வளைவுக் கூரையைத் தரைவரை இறக்கியதுதான். ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிடக்கூடிய அந்தக் குடில்கள் முதல் போரில் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் படைக்குடில்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. பல கிராமங்கள் அவற்றையே மண்டபமாக்கிக்கொண்டன, தேவாலய ஆலைகளின் வணிகம் சுருங்கியது. இரண்டாம் போரில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்து லாம்ப் ஹோம் தீவில் இருந்த இத்தாலியப் போர்க்கைதிகள், இரண்டு நிசன் குடில்களை முனையோடு முனை சேர்த்து ஒரு சிற்றாலயம் ஆக்கினார்கள். தொமெனிக்கோ கியோக்கெத்தி என்ற கைதி அதன் உட்புறத்தில் செங்கல்லும் பளிங்கும்போலத் தோன்ற ஓவியம் தீட்டினார். 1960-ல் திரும்பிவந்து அதைச் சீர்செய்தார். முகாமின் மற்ற குடில்கள் எல்லாம் போய்விட்டன. அது ஒன்று நிற்கிறது, அதைக் காக்க ஆட்கள் இருந்ததால்.

காணாமல்போனதைத் தேடுவது எப்படி?

மறைந்த ஒரு தகரத் தேவாலயத்தைத் தேட விரும்புபவர் தேவாலயப் பதிவேட்டில் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கான காரணத்தை மேலே பார்த்தோம். பலன் தருபவை வேறு. பிரிட்டனின் நில அளவைத் துறை அக்காலத்தில் வெளியிட்ட பெரிய அளவு வரைபடங்களில் சிறிய செவ்வகத்தின் பக்கத்தில் பிரசங்க அறை என்ற குறிப்பு இருக்கும். அடுத்த பதிப்பில் அது இல்லாமல் போயிருக்கும். ஊர்விவரத் தொகுதிகளில் இரும்பால் ஆன தேவாலயம், இன்ன ஆண்டில் எழுந்தது, இத்தனை இருக்கைகள் என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். பழைய செய்தித்தாள்களில் கைமாறிய இரும்புத் தேவாலயங்களுக்கான விற்பனை விளம்பரங்கள் நீளம், அகலம், இருக்கை எண்ணிக்கையோடு வரும். வாங்குபவரே கழற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருக்கும்.

களத்திலும் தடயங்கள் உண்டு. செங்கல் மேடை புல்லுக்கடியில் கிடக்கும். விவசாயக் கொட்டகை ஒன்றில் கூர்முனைச் சன்னலின் வடிவம் மூடப்பட்ட நிலையில் தெரிந்தால், அது பிறப்பில் கொட்டகையாக இருந்திருக்க வாய்ப்பில்லை. உள்ளே நாக்கும் பள்ளமுமாகக் கோத்த பலகை, முகட்டில் மணிக்கூண்டு இருந்த இடத்து ஒட்டு, கைமரங்களில் தொழிற்சாலை இட்ட எண்கள், தகட்டின் உட்புறத்தில் ஆலையின் மை முத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு இந்தக் கட்டடங்களைக் கொண்டுபோனவர்கள் அந்த எண்களின் வரிசையிலேயே மீண்டும் பூட்ட முடிந்ததற்கு, அவை முதலிலேயே பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதே காரணம். 1886-ல் எழுந்த ஹென்டன் பிரசங்க அறை சில்டர்ன் அருங்காட்சியகத்திலும், 1888-ஆம் ஆண்டின் செயின்ட் சாட் சிற்றாலயம் ஷ்ராப்ஷயரின் பிளிஸ்ட்ஸ் ஹில்லிலும் அவ்வாறு மறுபடி நிற்கின்றன.

ஓர் ஊரின் வரைபடத்திலிருந்து மறைந்த ஆண்டையும், செய்தித்தாள் விளம்பரத்தின் அளவுகளையும், பக்கத்து ஊரில் புதிதாகத் தோன்றிய மண்டபத்தின் அளவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்தினால், அழிந்தவற்றின் பட்டியலிலிருந்து அந்தக் கட்டடத்தை எடுத்து, இடம் மாறியவற்றின் பட்டியலில் எழுதலாம். உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் இப்படி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.